ரெண்டாவது குரூப்

அந்த வீட்டில் மாப்பிள்ளைக்கு 'சர்வர்' என்று பெயர். ஓட்டலில் தட்டு ஏந்துகிற சர்வர் அல்ல. தான் சாப்பிட்ட தட்டைக்கூட அவர் கழுவும் தொட்டிவரை கொண்டுபோனதாகத் தகவல் எதுவும் இல்லை. மாடிப்படியை ஒட்டிய சின்ன அறையில் ஒரு பெட்டியைத் தானே பூட்டி முடுக்கி வைத்திருந்தார். சினிமா, தொடர், உறவினர் வீட்டு விசேஷ வீடியோ என்று கிடைத்ததையெல்லாம் அதற்குள் அடைத்து, அங்கிருந்து ஹால் டிவிக்கும் அவரவர் கைபேசிக்கும் அனுப்புவார். பெட்டிக்குத்தான் சர்வர் என்று பெயர். பெட்டி எங்கே முடிகிறது, மாப்பிள்ளை எங்கே ஆரம்பிக்கிறார் என்று பிரித்துப் பார்க்க வீட்டாருக்கு நேரம் இல்லாததால் இருவரையும் அந்தப் பெயரிலேயே குறிப்பிட்டார்கள். "சர்வர் சூடாயிட்டாரா?" என்று மாமியார் கேட்டால், யாரைக் கேட்கிறார் என்பதைப் பதில் சொல்கிறவர்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

வீடு மாமனாருடையது. கல்யாணமான புதிதில், வேறு வீடு கிடைக்கும்வரை இங்கே இருக்கலாம் என்று பேச்சு. வேறு வீடு இன்னும் கிடைக்கவில்லை. தேடினால்தான் கிடைக்கும் என்று அவரிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் அப்படியெல்லாம் சொல்ல முடியாது. அலுவலகத்தில் அவருக்கு வேலை, மற்றவர்கள் சரிபார்த்ததைத் தானும் சரிபார்த்துவிட்டதாகக் கையெழுத்துப் போடுவது. அந்தப் பொறுப்பின் களைப்பு வீட்டுக்கு வந்த பிறகும் அவர் முகத்தில் இருக்கும்.

மனைவி துணி தைப்பவர். ஜன்னல் திரை, பள்ளிச் சீருடை, சோபா உறை என்று வேலை வந்து குவிந்துகொண்டே இருந்தது. தையல் மெஷினுக்கு வேறு இடம் இல்லாததால் அது சாப்பாட்டு மேசையில் இருந்தது. குடும்பம் மெஷினைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டது. ஒருநாள் பசி வேகத்தில் மாமனார் கையை நீட்டி உட்கார்ந்தபோது, ஓடிக்கொண்டிருந்த மெஷின் அவர் சட்டைக் கையை மேசை விரிப்போடு சேர்த்துத் தைத்துவிட்டது. சாப்பிட்டு எழுந்து டிவி பார்க்கப் போனபோது விரிப்பும் கூடவே போனது. கொஞ்சம் குளிராக இருந்தது, இப்போது தேவலை என்று மட்டும் சொன்னார்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்க, மாடிப்படி அறையில் அந்தப் பெட்டி தனியாகக் குடித்தனம் நடத்தியது. அது ஒழுங்காக வேலை செய்திருந்தால் யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். பெட்டியில் இருந்த படங்கள் புதுப் பாணியில் சுருக்கி மடிக்கப்பட்டவை. ஹால் டிவியோ மாமனாரோடு சேர்ந்து வயதானது. புதுப் பாணி அதற்கு விளங்காது. ஆகவே படம் ஓட ஓடவே பெட்டி அதைப் பழைய பாணிக்கு மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். மேடையில் ஒருவர் பேசப் பேசப் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கிறவரின் பாடுதான் அதன் பாடும். பேச்சாளர் வேகமெடுத்தால் மொழிபெயர்ப்பாளர் முழிப்பார். இங்கே படம் முழித்தது.

கதாநாயகன் மாடியிலிருந்து குதித்தால் அவன் தரைக்கு வருவதற்குள் மாமனார் குளித்துத் தலை துவட்டிவிட்டு வருவார். கொலைகாரன் கத்தியை ஓங்கியபடியே நிற்பான். சாக வேண்டியவள்மேல் இருந்த இரக்கம் மெல்ல நகர்ந்து ஓங்கிய கைமேல் வந்துவிடும். "பாவம், தோள்பட்டை விட்டுப் போயிடும்" என்று மாமியார் ஒருமுறை எண்ணெய் காய்ச்சவே எழுந்துவிட்டார். இன்னொரு நாள், காதலர்கள் முத்தத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுபோனார்கள். குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. மாமனார் மரியாதையாகச் செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேரே விரித்தார். படித்து முடித்தார். அடுத்த நாள் செய்தித்தாளும் வந்துவிட்டது. காதலர்கள் அப்படியே இருந்தார்கள்.

படம் நின்றாலும் விசிறி நிற்காது. பெட்டி திணறத் திணற அதன் விசிறி ஊளையிடும். அடுத்த வீட்டுக்காரர் ஒருநாள் வந்து, இந்தப் பக்கம் விமான நிலையம் வருவதாகக் காதில் விழுகிறதே, மனையை இப்போதே விற்றுவிடலாமா கொஞ்சம் பொறுக்கலாமா என்று யோசனை கேட்டுவிட்டுப் போனார்.

சர்வர் சும்மா இருக்கவில்லை. எல்லா வேலையையும் பெட்டியின் மூளையான பிராசஸர் ஒன்றே தலையில் போட்டுக்கொள்வதுதான் கோளாறு, படம் மாற்றுவதற்கென்றே பிறந்த கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் போட்டால் ஊதித் தள்ளிவிடும் என்று எங்கோ படித்து, கார்டு வாங்கிவந்தார். பெட்டிக்குள் நல்ல இடமாகப் பார்த்து அதை உட்கார வைத்தார். அதற்குத் தனி மின்சாரம், தனி விசிறி, ஓரத்தில் நீல வெளிச்சம். கார்டு உட்கார்ந்தது. உட்கார்ந்ததோடு சரி. வேலை முழுவதையும் பழைய பிராசஸரே மாங்கு மாங்கென்று செய்தது. கார்டு எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் கட்டத்தில் பூஜ்ஜியம் பெரிதாக, அழகாக இருந்தது.

"வந்து உக்காந்து தின்னுட்டு ஒரு வேலையும் பாக்கலையா?" என்று மாமனார் விசாரித்தார்.

"ஆமா மாமா."

"வீட்டோட வெச்சுக்கிட்டா அப்படித்தான்," என்று சொல்லிவிட்டு மாமனார் செய்தித்தாளுக்குள் போய்விட்டார். அவர் கார்டைத்தான் சொல்கிறார் என்று சர்வர் எடுத்துக்கொண்டார்.

மனைவி இப்படிச் சுற்றி வளைத்துப் பேசுகிற ரகம் அல்ல. "வேலை செய்யற மெஷின் சாப்பாட்டு மேசையில, வேலை செய்யாத மெஷினுக்குத் தனி ரூம். எந்த ஊரு நியாயம்ங்க இது?" என்று கேட்டுவிட்டு, வாயில் குண்டூசியைக் கவ்வியபடியே தீர்ப்பையும் சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்கா குடும்பம் வருகிறது. எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஒரு படம் போட வேண்டும். அது எங்கேயும் நிற்காமல் ஓடினால் அறையைப் பற்றி மூச்சுவிட மாட்டார். ஒரே ஒரு தடவை நின்றாலும் அறை தையலுக்கு.

சர்வர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகுதான் எதைப் பணயம் வைத்தோம் என்று கணக்குப் பார்த்தார். அந்த வீட்டில் சாய்வு நாற்காலி மாமனாருடையது, சமையலறை மாமியாருடையது, மேசை மனைவியுடையது, கட்டிலில்கூட ஓரம்தான் அவருடையது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் என்ன செய்கிறாய் என்று யாரும் கேட்காத ஒரே இடம் அந்த அறை. அதற்குத் தாழ்ப்பாள் இருந்தது. அந்தத் தாழ்ப்பாளைத் தள்ளும்போது வருகிற சத்தம் அவருக்கு எந்தப் பாட்டையும்விடப் பிடிக்கும்.

எனவே வேலையில் இறங்கினார். கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டார். புதியதை அழித்துவிட்டுப் பழையதைப் போட்டார். கார்டைக் கழற்றி, துடைத்து, வாயால் ஊதி, மறுபடி மாட்டினார். 'ஹார்டுவேர் உதவியைப் பயன்படுத்து' என்று இருந்த கட்டத்தில் டிக் அடித்தார், எடுத்தார், கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அடித்தார். கார்டு நீல வெளிச்சத்தில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டு சர்வர் வைத்திருக்கிறவர்களுக்கென்று கைபேசியில் ஒரு குழு உண்டு. அங்கே கேள்வி கேட்டால், இது ஏற்கனவே கேட்டாகிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். உங்களுக்கு எதற்கு இந்த வேலை என்று மற்றவர்கள் சொல்வார்கள். ஒருவர் மட்டும் உருப்படியானவர். அவருக்கு 'லாக் அனுப்பு அண்ணன்' என்று பெயர். லாக் என்பது, தனக்கு நேர்ந்த துன்பங்களையெல்லாம் பெட்டி வரிசையாகச் சொல்லி அழுகிற புலம்பல். அண்ணனுக்கு அது இல்லாமல் பேச்சே கிடையாது. பிறந்த நாள் வாழ்த்துச் சொன்னவர்களுக்கும் அவர் 'லாக் அனுப்பு' என்றுதான் பதில் போட்டார். சர்வர் லாக்கை அனுப்பினார். பதில் வந்தது:

'கார்டைத் தொட பர்மிஷன் இல்ல. யூசரை ரெண்டர் குரூப்ல சேத்துடு. ரீஸ்டார்ட்.'

அவ்வளவுதான். அதற்குமேல் கேட்டதற்கெல்லாம் 'லாக் அனுப்பு' என்றே வந்தது.

சர்வர் யோசித்தார். விஷயம் புரிந்தது. கார்டு இருக்கும் வாசலில் ஒரு காவல் இருக்கிறது. ரெண்டர் குரூப் என்கிற பட்டியலில் பெயர் உள்ளவர்களை மட்டும்தான் அது உள்ளே விடும். யூசரை அதில் சேர்க்க வேண்டும். யூசர் என்றால் உபயோகிக்கிறவர். அந்த வீட்டில் காலையிலிருந்து டிவியை உபயோகிக்கிறவர் யார்? கேள்வியே வேண்டாம். பெட்டியில் வீட்டார் எல்லோருக்கும் அவர் ஆளுக்கொரு கணக்குத் திறந்து வைத்திருந்தார். அதில் 'மாமா'வைப் பிடித்து ரெண்டர் குரூப்பில் சேர்த்தார். ரீஸ்டார்ட் செய்தார். பூஜ்ஜியம். சரி, அத்தையும் பார்க்கிறாரே என்று 'அத்தை'யைச் சேர்த்தார். பூஜ்ஜியம். மனைவியைச் சேர்த்தார். கடைசியில் தன்னையே சேர்த்துக்கொண்டார். குரூப்பில் நல்ல கூட்டம் கூடிவிட்டது. கார்டு அசைந்து கொடுக்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் வெறும் கம்ப்யூட்டர் கோளாறாகப் போயிருக்கும். ஆனால் ராத்திரி சாப்பிடும்போது, தான் சும்மா இல்லை என்று காட்டிக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மாமனாரிடமும் மாமியாரிடமும், அவர்கள் இருவரையும் ரெண்டர் குரூப்பில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாமனாருக்கு எப்போதுமே காது மந்தம். மாமியாரின் காதில் 'ரெண்டாவது குரூப்' என்று விழுந்தது.

மாமியாருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. அவர்களுக்கு ஏற்கனவே ஒரு குடும்பக் குரூப் இருந்தது. மூத்த மகள், அவள் வீட்டுக்காரர், சொந்தபந்தம் எல்லாரும் அதில் இருந்தார்கள். காலையில் பூப் படம் போடுவார்கள், சாயங்காலம் மூட்டுவலிக்கு வைத்தியம் போடுவார்கள். ஒரு குடும்பத்தில் இரண்டாவதாக ஒரு குரூப் எதற்கு ஆரம்பிக்கப்படும் என்பது யாருக்குத்தான் தெரியாது? முதல் குரூப்பில் இருக்கிற யாரையோ விட்டுவிட்டு, அந்த யாரையோ பற்றி நிம்மதியாகப் பேசுவதற்கு. தன்னை விடவில்லை, சேர்த்திருக்கிறார்கள் என்பதில் மாமியாருக்குப் பெருமை. கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு முதல் செய்திக்காகக் காத்திருந்தார். அன்று ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கைபேசிதான் கெட்டுவிட்டதோ என்று சந்தேகம் வந்து, மூத்த மகளைக் கூப்பிட்டார்.

"ஏண்டி, அந்த ரெண்டாவது குரூப்ல உனக்கு ஏதாச்சும் வருதா? எனக்கு ஒண்ணுமே வரலடி."

எந்த ரெண்டாவது குரூப் என்று அக்கா மிகவும் மெதுவாகக் கேட்டாள். மாமியார் யோசிக்காமல் ஆட்களின் பெயரைச் சொன்னார். சொல்லி முடித்த பிறகு யோசித்தார்.

கொஞ்ச நேரத்தில் குடும்பக் குரூப்பில் அக்கா வெளியேறிவிட்டதாக அறிவிப்பு வந்தது. அடுத்து அவள் கணவர் வெளியேறினார். அவர் தானாக எதிலிருந்தும் வெளியேறுகிற ஆள் இல்லை. யாரோ கைபேசியைப் பிடுங்கி வெளியேற்றியிருக்க வேண்டும்.

இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை இருவரும் சொன்னபடி வந்தார்கள். சண்டை போடுவதற்காவது வந்துதானே ஆக வேண்டும். அக்கா உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்ததை வாங்கவில்லை. அவள் உட்காரும்வரை படம் போட முடியாது, ஆகவே பந்தயமும் ஆரம்பிக்காது என்பதில் சர்வருக்கு உள்ளூர ஒரு நிம்மதி. அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை.

"எங்க தம்பி அந்த ரெண்டாவது குரூப்பு? காட்டுங்க, நானும் பாக்கறேன்."

"ஐயோ அண்ணி, அது மனுஷங்க குரூப் இல்ல. பெட்டிக்குள்ள இருக்கறது."

"ஓ, பெட்டிக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?"

"அதுல யாரும் பேச முடியாது அண்ணி. யாருக்கு அனுமதி, யாருக்கு இல்லன்னு மட்டும்தான் இருக்கும்."

"எனக்கு இல்ல. அதானே?"

சர்வர் அதற்குப் பிறகு விளக்கியதெல்லாம் தன் குழியைத் தானே அகலப்படுத்திக்கொண்டதுதான். கார்டு, காவல், கணக்கு என்று அவர் சொல்லச் சொல்ல, இவ்வளவு ஏற்பாடு செய்து ஒருத்தியை ஒதுக்கியிருக்கிறார்களே என்று அக்காவின் கண் கலங்கியது. கடைசியில் குடும்பமே மாடிப்படி அறைக்குள் புகுந்தது. அந்த அறையில் அத்தனை பேர் அதுவரை நின்றதில்லை. மாமனாரின் பாதி வெளியில்தான் நின்றது. சர்வர் குரூப்பில் இருக்கிற பெயர்களைத் திரையில் வரவழைத்தார். மாமா, அத்தை, மனைவி, தான். வேறு யாரும் இல்லை. சாட்சியை அவரே கொண்டுவந்து கூண்டில் ஏற்றியது போலாயிற்று.

"எங்கப்பா இருக்காரு. எங்கம்மா இருக்காங்க. இவ இருக்கா. நீங்க இருக்கீங்க. நான் தெருவுல போறவ," என்றாள் அக்கா.

சகலை, அதாவது அக்காவின் கணவர், தனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை என்றார். அக்கா திரும்பிப் பார்த்தாள். வருத்தம்தான் என்று மாற்றிச் சொன்னார். படம் போட்டாச்சா என்று வெளியிலிருந்து மாமனாரின் பாதி கேட்டது.

அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சரி, என்னை விடுங்க. இந்த லிஸ்ட்டுல வேலை செய்யற ஆள்னு ஒருத்தர் இருக்காங்களா? எங்கப்பா உக்காந்து பாக்கறவரு. எங்கம்மா போன்லயே இருக்கறவங்க. இவ ஒருத்தி தைக்கறா, அதுவும் சோத்துத் தட்டுக்கு நடுவுல. நீங்க…" என்று சர்வரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். "வேணாம், வாயைக் கிளறாதீங்க. பாக்கறவங்களைப் பூரா சேத்துட்டு, வேலை செய்யறவனை விட்டுட்டீங்க."

சர்வர் வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றார். பார்த்தவர்களுக்கு, படம்தான் மறுபடி நின்றுவிட்டதோ என்று தோன்றியது.

வேலை செய்கிறவன். படத்தைத் தேடி எடுப்பது, பாணி மாற்றுவது, டிவிக்குத் தள்ளிவிடுவது, இதையெல்லாம் செய்வது மாமாவா? மாமா பொத்தானை அமுக்குவதோடு சரி. படம் ஓட்டும் மென்பொருளைப் போட்ட அன்றே அது தனக்கென்று தனியாக ஒரு கணக்கைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. வீட்டார் யாருடைய பெயரும் அதற்கு இல்லை. இரவும் பகலும் பாரம் சுமந்தது அந்த ஆள்தான். அவன் கார்டின் வாசலுக்குப் போய் நின்றபோதெல்லாம் காவல் அவனை விரட்டியிருக்கிறது. அவனும் திரும்பிவந்து பழைய பிராசஸரைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறான். பொண்ணு வீட்டார் எல்லோரையும் உள்ளே விட்டுவிட்டு, பந்தி பரிமாறுகிறவனை வெளியே நிறுத்திய கதை.

சர்வர் நாற்காலியில் விழுந்தார். மென்பொருளின் சொந்தக் கணக்கை ரெண்டர் குரூப்பில் சேர்த்தார். ரீஸ்டார்ட் செய்தார். கை சூட்டோடு அண்ணிக்கும் சகலைக்கும் கணக்குத் திறந்து அவர்களையும் குரூப்பில் சேர்த்தார். அங்கே அவர்களுக்கு எந்த வேலையும் இல்லை. குடும்பக் குரூப்பிலும் இல்லைதான், இருந்தும் இருக்கவில்லையா? தன் பெயர் திரையில் வந்ததும் அக்கா, தங்கச்சி பெயருக்குக் கீழே ஏன் போட்டீர்கள், நான்தானே மூத்தவள் என்று மட்டும் கேட்டுவிட்டு, தண்ணீரை வாங்கிக் குடித்தாள். உட்கார்ந்தாள்.

படம் போட்டார்கள்.

ஊளைச் சத்தத்தைக் காணோம். மாமியார் எழுந்து போய்ப் பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார், சில்லென்று இருந்தது. திரையில் கதாநாயகன் மாடியிலிருந்து குதித்தான். மாமனார் வழக்கம்போலக் குளிக்கப் போவதற்காக எழுந்தார். அவர் நிமிர்வதற்குள் அவன் தரைக்கு வந்து, எதிராளியை அடித்து, வேறு ஊருக்கே போய்விட்டான். மாமனார் மறுபடி உட்கார்ந்தார். எல்லோரும் ஏன் இப்படிப் பறக்கிறார்கள், முன்பெல்லாம் நிறுத்தி நிதானமாகப் பேசுவார்களே என்று குறைப்பட்டார். படம் ஓடியது, ஓடியது, முடிந்தேவிட்டது. படங்களுக்கு முடிவு என்று ஒன்று உண்டு என்பது அந்த வீட்டுக்கு அன்றுதான் தெரியவந்தது. இவ்வளவு மோசமாகவா முடியும் என்று மாமியார் கேட்டார்.

சர்வருக்குத் தரையில் கால் பாவவில்லை. கார்டு எப்படி வேலை செய்கிறது என்று சகலையை நிறுத்தி வைத்து விளக்கினார். சகலை கிளம்பி வண்டியில் ஏறிய பிறகும் கண்ணாடி வழியாக விளக்கினார். கோளாறைத் தானே கண்டுபிடித்ததாகத்தான் அந்த விளக்கத்தில் வந்தது; அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் மறுக்கவில்லை, ஏனென்றால் அவள் கண்டுபிடித்தது அவளுக்கே தெரியாது. குழுவில் லாக் அனுப்பு அண்ணனுக்கு நன்றி சொன்னார். லாக் அனுப்பு என்று பதில் வந்தது. மனைவி மட்டும் ஒன்றும் சொல்லாமல் பாத்திரம் ஒழித்தார். தோற்றவர் இவ்வளவு சாந்தமாக இருக்கிறாரே என்று சர்வர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். வெற்றி காதை அடைத்திருந்தது.

மறுநாள் அலுவலகத்தில், எப்போதும் சரிபார்ப்பதையும் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, சீக்கிரமே வீடு திரும்பினார். வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே நின்றார். செருப்பு அலமாரியின் மேல்தட்டில் பெட்டி உட்கார்ந்திருந்தது. அதன் நீல வெளிச்சம் மாமனாரின் பழைய ரப்பர் செருப்பின்மேல் விழுந்து, அதற்கு ஒரு தேஜஸைக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஹாலில் படம் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

மாடிப்படி அறையில் தையல் மெஷின். சுவர் ஓரம் துணிச் சுருள்கள். அவருடைய நாற்காலியில் அவருடைய மனைவி.

"நான்தானே ஜெயிச்சேன்?" என்றார் சர்வர்.

"ஆமாங்க. நீங்கதான் ஜெயிச்சீங்க."

"அப்புறம் இது என்ன?"

"பெட்டி ஓடும்னு ஜெயிச்சீங்க. ஓடுது. சத்தம் இல்ல, சூடு இல்ல, பக்கத்துல ஆள் உக்காந்து தடவிக்கொடுக்கவும் வேண்டாம். அதுக்கு எதுக்குங்க தனி ரூம்?"

கண்காணிப்பு வேண்டும் என்றார். தூசி என்றார். ஈரப்பதம், வெப்பநிலை, ஒயரின் நீளம் என்றார். காலையில் பெட்டியைப் பிடுங்கி அங்கே மாட்டியது தான்தான் என்று மனைவி சொன்னார். அப்போது அப்பா படம் பார்த்துக்கொண்டிருந்தார், நின்றுவிட்டதே என்று செய்தித்தாளை எடுத்தார், அதை விரிப்பதற்குள் படம் ஓட ஆரம்பித்துவிட்டது. "அறையைப் பத்தி மூச்சு விட மாட்டேன்னுதானே சொன்னேன்? விட்டேனா? ஒரு வார்த்தை பேசாமத்தானே மாத்தினேன்?" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்து கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது. வெளியிலிருந்து கேட்கும்போது அந்தச் சத்தம் அவ்வளவு நன்றாக இல்லை.

சர்வர் ஒரு முக்காலியை இழுத்துக்கொண்டு போய்ச் செருப்பு அலமாரி முன்னால் போட்டு உட்கார்ந்தார். அவர் கையில் இன்னும் ஒரு ஆயுதம் இருந்தது. பெட்டி கெட்டால் பெட்டிக்கு வைத்தியம் வேண்டும். வைத்தியத்துக்கு அறை வேண்டும். கைபேசியிலேயே ரெண்டர் குரூப்பைத் திறந்து, வேலை செய்கிற அந்த ஒருத்தனை மட்டும் வெளியேற்றி, ரீஸ்டார்ட் செய்தார். மாமா, அத்தை, அண்ணி, சகலை எல்லோரும் அங்கேயே இருந்தார்கள்.

விசிறி ஊளையிட ஆரம்பித்தது. ஹாலில் படம் விக்கியது, நின்றது. சர்வர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். இதோ, மாமனார் 'மாப்ள' என்று கூப்பிடப்போகிறார்.

"இப்பதான்பா ஒழுங்கா நிதானமா பேசறாங்க," என்று மாமனார் டிவியைப் பார்த்துச் சொல்வது கேட்டது.

மாமியார் பின்கட்டில் மூத்த மகளோடு போனில் இருந்தார். இரண்டு நாளில் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்துப் பேச வேண்டியிருந்தது. உள்ளே தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம், அந்தச் சத்தத்துக்கு நடுவில், எந்த விசிறியும் கேட்காது. வீடு முழுக்கப் பார்த்தால், பெட்டியின் ஊளையும் அதன் அனலும் எட்டுகிற தூரத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். சூடு ஏறியது. அலமாரியில் இருந்த செருப்புகள் ஒவ்வொன்றாக மணக்க ஆரம்பித்தன. முதலில் தோல், பிறகு ரப்பர். மாமனாரின் நடைப்பயிற்சி ஷூவுக்கு முறை வந்தபோது சர்வர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் வேலைக்காரனை மறுபடி குரூப்பில் சேர்த்தார்.

விசிறி அடங்கியது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே இல்லை என்று ஹாலில் மாமனார் படத்தைத் திட்டினார்.

வாசலில் ஒரு அம்மாள் வந்து நின்றாள். கக்கத்தில் திரைத் துணிச் சுருள். தைக்கிறவங்க வீடு இதுதானே என்று கேட்டாள். சர்வர் முக்காலியைக் கொஞ்சம் நகர்த்தி வழிவிட்டு, மாடிப்படி அறையைக் காட்டினார். அவள் செருப்பைக் கழற்றினாள். புதுச் செருப்பு போலிருக்கிறது. கீழே விட மனம் வராமல், நீல வெளிச்சத்துக்குப் பக்கத்தில் பெட்டியை ஒட்டி வைத்தாள். உட்கார்ந்திருந்தவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கொஞ்சம் பாத்துக்கப்பா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவர் பார்த்துக்கொண்டார்.